மூன்று நகல் இருக்கிறதா?

மாணவர்களே, பொழுதுபோக்காக எழுதும் குறிப்புகளையும் எடுக்கும் படங்களையும் எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒரே விரலியிலா? நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் வரும் பறவைகளைப் பற்றிய மூன்றாண்டுக் குறிப்புகள் அவை. ஒருநாள் விரலி திறக்கவே இல்லை.

விரலி பழுதாகக் காரணங்கள் பல. ஒன்றைப் பார்ப்போம். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. அவற்றில் அடைபட்டிருக்கும் எலெக்ட்ரான்களின் அளவுதான் நம் எழுத்தும் படமும். அவற்றைக் காப்பது மெல்லிய மின்காப்புப் படலம். அழித்து அழித்து எழுதினால் படலம் தேயும், எலெக்ட்ரான்கள் கசியும். பல ஆண்டுகள் சும்மா கிடந்தாலும் கசியும்.

இதற்குத்தான் 3-2-1 விதி: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு நகல் வீட்டுக்கு வெளியே. இணையச் சேமிப்பகம் அதற்கு உதவும்.

இன்றே நகல் எடுங்கள். அந்தப் பறவைகளை நான் மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.