சிறுத்தைக் குட்டியல்ல, துரும்பன் பூனை

இலங்கையில் எத்தனை வகைக் காட்டுப் பூனைகள் உண்டு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டால், சிறுத்தையை எல்லோரும் சொல்வார்கள். காட்டுப்பூனையைச் சிலர் சொல்வார்கள். குளத்தோரங்களில் மீன் தின்னும் மீன்பிடிப் பூனை மூன்றாவது. நான்காவதன் பெயர் பெரும்பாலும் வராது. அதுதான் துரும்பன் பூனை.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. இடம்பெயர்ந்து வன்னிக் காடுகளுக்குள்ளால் நடந்த எங்களுக்குக் காடு என்றால் பாம்பும் மலேரியாவும்தான். அங்கே வேறென்ன உயிர்கள் வாழ்கின்றன என்று கேட்க அவகாசம் இருக்கவில்லை.

வளர்ந்த துரும்பன் பூனையின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோ. பெரியது என்றாலும் 1.6 கிலோவைத் தாண்டுவது அரிது. வீட்டுப் பூனையின் பாதிகூட இல்லை. உலகின் மிகச் சிறிய பூனை என்ற பெயருக்கு இதனோடு போட்டி போடுவது ஆபிரிக்காவின் கருங்கால் பூனை மட்டுமே. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பு, அதில் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வரிசை வரிசையாகப் புள்ளிகள், நெற்றியில் கருங்கோடுகள். வாலில் மட்டும் புள்ளிகள் தெளிவாக இருக்காது.

பாண்டிச்சேரியில் கிடைத்த ஒரு பூனையை வைத்து 1831இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஒருவர் இதை முதலில் விபரித்தார். இந்தியா, நேபாளம், இலங்கை தவிர வேறெங்கும் இது இல்லை. இங்கே உலர்வலயக் காடுகளிலும் மலைநாட்டின் ஈரக் காடுகளிலும் வாழ்கிறது. பகலில் மரப்பொந்திலோ பற்றைக்குள்ளோ படுத்திருந்து, இரவில் எலி, தவளை, ஓணான், சிறு பறவை, பூச்சி என்று தேடித் தின்னும். எலி தின்பதால் வயற்காரருக்கு நண்பன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், கோழிக்கூட்டிலும் கை வைக்கும்.

சிக்கல் அதன் புள்ளிகளில்தான். சிங்களத்தில் இதற்கு 'கொள திவியா' என்றொரு பெயர். திவியா என்றால் சிறுத்தை. குட்டிகளின் புள்ளிகள் துருநிறமாக இல்லாமல் கறுப்பாக இருப்பதால், பார்த்தவுடன் சிறுத்தைக் குட்டி என்றே தோன்றும். புள்ளி போட்ட விலங்கைக் கண்டால் நம்மவர் என்ன செய்வார்கள் என்பதற்கு 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்ததே போதும். ஊருக்குள் வந்து சிலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்று, அதனோடு படமும் எடுத்துப் போட்டார்கள். பயம் புரிகிறது. படம் எடுத்ததுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை. கைக்கடக்கமான துரும்பன் பூனையால் மனிதருக்கு ஓர் ஆபத்தும் இல்லை, ஆனாலும் சிறுத்தைக் குட்டி என்று நினைத்து இதையும் கொல்கிறார்கள். வாகனங்களில் அடிபட்டும் சாகிறது. வீட்டுப் பூனைகளோடு கலப்பதும் இந்த இனத்துக்கு ஆபத்தே. இலங்கையின் 2012ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே குறிக்கிறது.

இனி, மீளக் கிடைத்த காணியைத் துப்புரவாக்கும்போது பற்றைக்குள் குட்டிகளைக் கண்டால் என்ன செய்வது? ஓர் ஈற்றில் ஒன்று முதல் மூன்று குட்டிகள் இருக்கும். தாயைக் காணவில்லை என்றால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், இரை தேடப் போயிருக்கும். குட்டியைத் தூக்க வேண்டாம், பால் வைக்க வேண்டாம். அந்தப் பக்கத்து வேலையை நிறுத்தி, நாயைக் கட்டிவிட்டு விலகியிருங்கள். தாய் திரும்பி வந்தால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். மறுநாளும் குட்டிகள் அங்கேயே கத்திக்கொண்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

வால் நீளமாக, நுனிவரை புள்ளியோடு இருந்தால் அது உண்மையிலேயே சிறுத்தைக் குட்டிதான். அப்போது இன்னும் வேகமாக விலகுங்கள். அதன் தாயும் பக்கத்தில்தான் இருக்கும்.