குடவோலையும் ஃபயர்வாலும்

எங்க ஊர் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டை எல்லோரும் தேர்தல் முறை என்றுதான் சொல்வார்கள். முதலாம் பராந்தகன் காலத்தது. 919, 921ஆம் ஆண்டுகள். நம்ம பிழைப்பு சாஃப்ட்வேர் என்பதால் எனக்கு அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகவும் தெரிகிறது.

வரிசையாகப் பாருங்க. ஓலை குடத்துக்குள் போகும் முன்பே வயது, நிலம், சொந்த மனையில் வீடு என்று வடிகட்டல். (நிலமில்லாதவரை இது வெளியே நிறுத்தியது, அது தனிக் கதை.) முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவரது நெருங்கிய உறவினரும் சேர முடியாது. குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓலை எடுப்பது, உள்ளே என்ன இருக்குன்னு அறியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்ததை அங்கிருக்கும் நம்பிமாரும் படிக்க வேண்டும்.

ஒரு காவல் தவறினாலும் அடுத்தது பிடிக்கும். நெட்வொர்க்கில் அடுக்குப் பாதுகாப்பு என்பதும் இதுதான்.

நம்ம மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையக் கணினி ஒன்றில் மால்வேர் இருப்பதாக செர்ட்-இன் தகவல் கொடுத்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது இணையத்தோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த கணினி. உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றது கழகம். முதல் அடுக்கு உடைந்தது, அடுத்தது நின்றது.

பிரித்து வைத்தால் மட்டும் போதுமா? போதாது. 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், யுஎஸ்பி டிரைவ் வழியாகவும் பரவக்கூடியது. இணையமே இல்லாத கணினிக்கும் அது போகும்.

அடுக்குகள் ஒன்றையொன்று நம்பி நிற்கக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ரேன்சம்வேர் புகுந்தது. ஆன்டிவைரஸ் இருந்தது, பேக்கப்பும் இருந்தது. ஆனால் பேக்கப் டிஸ்க் எப்போதும் அதே கணினியில் சொருகியே இருந்தது. இரண்டும் ஒன்றாகப் போச்சு, மூணு வருஷக் கணக்கோடு.

வீட்டுக்கும் கடைக்கும் இவ்வளவு செய்யலாம்:

1. ரூட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்க.
2. தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு வேண்டாம்.
3. அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்க.
4. சிசிடிவி கேமராவுக்குத் தனி வைஃபை.
5. மெயிலுக்கு இரட்டைச் சரிபார்ப்பு.
6. பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்க.

ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: இது உடைஞ்சா, அடுத்து எது தடுக்கும்?