வீட்டருகே ஒரு பாலைவனம்

பாலைவனம் என்றதும் நம் நினைவு ஹிஜாஸுக்கும் வளைகுடாவுக்கும் செல்கிறது. நம் இல்லங்கள் பலவற்றில் தந்தையோ தமையனோ அந்த மணல் நாடுகளில்தான் உழைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கோ அந்த வெம்மை தொலைபேசியில் கேட்ட செய்தி மட்டுமே. அவர்களை அழைத்துச் சென்று காட்டத்தக்க செம்மணற் பாலை ஒன்றை இறைவன் நமக்கருகிலேயே அமைத்திருப்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயிலில் அமர்ந்து வெளியே நோக்குங்கள். பொதிகையில் பிறந்த தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டத்தில் தன் கடைசி அணைக்கட்டைக் கடந்து கடலை நாடுகிறது. அதன் கருணையால் நெல்லும் வாழையும் செழித்து நிற்கின்றன. காயல்பட்டினம் தாண்டித் திருச்செந்தூரில் இறங்கி, மேற்கே காயாமொழிப் பக்கம் சில கிலோமீட்டர் சென்றால் காட்சி அடியோடு மாறிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் செந்நிற மணல்மேடுகள். ஆங்காங்கே பனையும் குடை விரித்த உடைமரமும். 1986-இல் நெல்லையிலிருந்து பிரிந்த தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள குதிரைமொழித் தேரி இதுவே.

தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வறண்ட காற்றாக இங்கு வீசுகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்று குவித்த மணல் இது. இரும்புத் துருவைப் போன்ற மெல்லிய படலம் ஒவ்வொரு துகளையும் போர்த்தியிருப்பதே இதன் சிவப்புக்குக் காரணம். ஓரங்களில் மழைநீர் அரித்த ஓடைகள், செங்குத்தான கரைகளுடன் சிறு பள்ளத்தாக்குகளைப் போல் காட்சியளிக்கும். நெல்லைச் சீமைத் தேரிகளில் கிடைத்த ஆதிமனிதரின் சிறு கற்கருவிகளைப் பற்றி 1956-இல் ஆய்வுரையே வெளிவந்துள்ளது. ஆகவே, கூரிய கற்சில்லுகளைக் கண்டால் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

செல்ல விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் ஒரு சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். இது காப்புக்காடு, வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். இரவில் காட்டில் தங்காமல் காயல்பட்டினத்திலோ உடன்குடியிலோ உறவினர் இல்லத்தில் தங்குங்கள்.

முதல் நாள் நடையாக இருக்கட்டும். சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். மீண்டும் அஸருக்குப் பின் சென்று மஃரிபுக்குள் வந்துவிடலாம். மணல்மேடுகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும்; காற்று காலடித் தடத்தை அழித்துவிடும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டே கிளம்புங்கள். ஓடைக்கரைகளின் அடியில் நிழலுக்காக உட்கார வேண்டாம். மணற்சுவர் திடீரெனச் சரியக்கூடும்.

மறுநாள் சைக்கிள். தளர்ந்த மணலில் சாதாரணச் சக்கரம் புதைந்துவிடும். அகன்ற டயருள்ள மலைச்சைக்கிளாயினும் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, தேரியின் ஓரத்து வண்டித்தடங்களிலும் தார்ச்சாலைகளிலும் ஓட்டுங்கள். உடைமுள் டியூபைத் துளைக்கும். பஞ்சர் ஒட்டும் சாமான்கள் கையில் இருக்கட்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் நகரைச் சுற்றியுள்ள செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் சைக்கிள் ஓட்டப் பல நாட்டவரும் கூடுகின்றனர். வகுத்த தடத்தை விட்டு விலகக் கூடாது என்பது அங்கும் முக்கியமான விதி. அப்பாலை மண்ணின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்ப் படலம் மிதிபட்டுச் சிதைந்தால், மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். நம் தேரியிலும் மணலைப் பிடித்து வைத்திருப்பவை செடிகொடிகளே. அவற்றை நசுக்கிச் செல்லாதீர்கள்.

எல்லாவற்றினும் முக்கியமானது தண்ணீர். வெயிலில் நடப்பவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை தேவைப்படும். தலைவலி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம் கண்டால் உடனே நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடலைக் குளிர்வித்து, மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். குடிப்பதற்கு மட்டுமே நீர் இருக்கும் நிலையில், உளூவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. தாகித்தவரின் உயிருக்கு அல்லாஹ் எத்துணை மதிப்பளித்துள்ளான் என்பதைப் பிள்ளைகள் அந்த மணலில் நின்று உணரட்டும்.

திரும்பும் வழியில் பதநீர் கிடைத்தால் அருந்துங்கள். உடன்குடிக் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வறண்ட மண்ணிலிருந்தும் இனிமையைச் சுரக்கச் செய்பவன் அவனே. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறு திருமறை நம்மை அழைக்கிறது. அவ்வழைப்பை ஏற்க நெடுந்தூரம் செல்லத் தேவையில்லை. இரண்டு நாள் வெயில் தாங்கித் திரும்பும் பிள்ளை, இன்ஷா அல்லாஹ், குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகமாட்டான். வெளிநாட்டிலிருந்து தந்தை பேசும்போது, தனக்கு வேண்டிய பொருள்களின் பட்டியலைச் சொல்லுமுன், "அங்கே வெயில் எப்படி இருக்கிறது, வாப்பா?" என்று கேட்பான்.