மீனுக்குத் தெரிந்த நேரம்!

தூண்டில் போடுவதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீங்களா? இருக்கிறது... நிறையவே இருக்கிறது!

மகனோ மகளோ அமெரிக்காவில் வேலை பார்க்கும் வீடுகளில், கோடைக்கு அப்பா அம்மா கிளம்பிப் போவது இப்போது சகஜம். போன இடத்தில், "தாத்தா, கயாக்ல மீன் பிடிக்கப் போலாமா?" என்று பேரன் கூப்பிடுகிறான். தாத்தாவுக்கு ஆசை. பாட்டிக்கோ பயம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறார்.

தாராளமாகப் போகலாம் பாட்டி! கயாக் என்பது ஒருவரோ இருவரோ உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தட்டை உள்ள ஒரே துடுப்பால் வலித்துப் போகும் ஒல்லியான படகு. நிதானமாக வலித்தாலே தோள், முதுகு, வயிற்றுத் தசைகள் எல்லாம் வேலை செய்யும். முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களில் பலருக்கும் இது ஒத்துவரும். மீன் கடிக்கும் வரை காத்திருப்பதில் மனசுக்கும் ஓய்வு. ஆனால், கோடையில் ஏரிக்குப் போகிறவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொண்டுதான் படகில் கால் வைக்க வேண்டும். எந்த நேரத்தில் போவது? லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு மீனே பதில் சொல்கிறது. இரண்டாவதற்கு நாம் சொல்கிறோம்.

யார் இந்த 'பாஸ்'?

ஆபீஸ் பாஸ் இல்லை! அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் உயிரை விடுவது 'லார்ஜ்மவுத் பாஸ்' என்ற மீனுக்குத்தான். பெயருக்கேற்ற பெரிய வாய். நம்ம ஊர் விரால் மாதிரி, செடிக்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒளிந்திருந்து, பக்கத்தில் வரும் சின்ன மீனை 'லபக்'கென்று பிடிக்கும் ஜாதி. 1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்பவர் பிடித்த பாஸ் மீனின் எடை பத்து கிலோவுக்கும் சற்று அதிகம். அந்தச் சாதனைக்குச் சமமாக இன்னொரு மீன் கிடைக்க 2009 வரை ஆனது. அதுவும் ஜப்பானில், பிவா ஏரியில்!

இந்த மீனுக்குப் பேர்போன ஏரிகளில் ஒன்று, டெக்ஸஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினின் நடுவிலேயே இருக்கிறது. 1960-ல் கொலராடோ ஆற்றில் அணை கட்டியதால் உண்டான ஏரி. 2007-ல் இதற்கு, முன்னாள் ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் மனைவி நினைவாக 'லேடி பேர்ட் லேக்' என்று பெயர் வைத்தார்கள். பெட்ரோல் மோட்டார் படகுக்கு இங்கே அனுமதி இல்லை. அதனால் கயாக்காரர்களுக்கு ராஜபோகம்! கரையிலேயே வாடகைக்குக் கயாக் கிடைக்கும். 17 வயது நிரம்பியவர் மீன் பிடிக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கும் சேர்த்துத்தான்.

மீனின் டைம்டேபிள்

தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் பிராணவாயு குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் 11 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் பிராணவாயு, 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். அதே சமயம் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்வதால், அதற்குத் தேவையோ அதிகம். வரவு குறைவு, செலவு அதிகம்! மாசக் கடைசி மாதிரிதான்.

அதனால் கோடை வெயில் ஏறியதும் பாஸ் மீன் ஓடி விளையாடாது. பாலத்து நிழல், செடிக்கு அடியில், கொஞ்சம் ஆழமான இடம் என்று பார்த்து ஒதுங்கிவிடும். விடியற்காலையில் கரையோரத்துக்கு வந்து இரை தேடும். பொழுது சாயும்போது மறுபடி வரும். பழகிய தூண்டில்காரர்கள் கோடையில் இருட்டு பிரியும்போதே ஏரியில் இருப்பது இதனால்தான்.

நமக்கும் அதே டைம்டேபிள்தான். மீன் ஒதுங்கும் நேரத்தில் நாமும் ஒதுங்கிவிட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். கோடையில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். ஆஸ்டினில் ஜூலை மாதம் சூரியன் உதிப்பதே காலை ஆறரைக்கு மேல். உச்சி வெயில் பகல் ஒன்றரைக்கு. மறைவது இரவு எட்டரை வாக்கில். "வெயில் தாழ அஞ்சு மணிக்குப் போகலாம்" என்று நம்ம ஊர்க் கணக்குப் போட்டால் தப்பு! அங்கே நாளின் கடும் சூடே சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குத்தான். காலையில் போய் பத்து மணிக்குள் கரையேறுவதே உத்தமம்.

'சென்னை வெயிலையே பார்த்தாச்சு!'

இப்படிச் சொல்கிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 2011-ல் ஆஸ்டினில் 90 நாட்கள் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அது மட்டுமில்லை. வெயிலுக்குப் பழகிய உடம்பும், ஏ.சி. வீட்டிலேயே சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். மறுபடி பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாளே மூன்று மணி நேரம் ஏரியில் உட்காராதீர்கள். அரை மணியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கயாக்கில் நிழல் கிடையாது. மேலேயிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று, தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்கு அடியிலும் தாக்கும். காற்று வீசுவதால் வேர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்காக ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டர் என்ற அளவைத் தாண்ட வேண்டாம். முழுக்கைச் சட்டை, கழுத்தையும் மறைக்கும் தொப்பி அவசியம். பீர் வேண்டவே வேண்டாம்!

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கெண்டைக்கால் பிடிப்பு இவையெல்லாம் முதல் மணி. உடனே கரையேறி நிழலில் உட்கார வேண்டும். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்தாலோ அது ஹீட் ஸ்ட்ரோக். உயிருக்கு ஆபத்து. 911-க்குப் போன் செய்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

சர்க்கரை, பி.பி. உள்ளவர்களுக்கு...

நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீரும் உப்பும் சீக்கிரம் குறையும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குச் சூட்டைச் சமாளிக்கும் சக்தி கம்மி. தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள், மேலே சொன்ன டம்ளர் கணக்கையும் டாக்டரிடம் கேட்ட பிறகே பின்பற்ற வேண்டும்.

துடுப்பு வலித்தால் சர்க்கரை இறங்கும். இன்சுலினைக் கையில் போட்டுக்கொண்டு உடனே துடுப்பு வலித்தால், மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்துவிடும். அன்றைக்கு வயிற்றில் போட்டுக்கொள்வது நல்லது. சட்டைப் பையில் குளூகோஸ் இருக்கட்டும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

வெறுங்காலோடு ஏரியில் இறங்கவும் வேண்டாம். ஆஸ்டின் பக்கத்து ஏரிகளில் 2017 முதல் 'ஸீப்ரா மஸல்' என்ற சிறிய சிப்பி பரவியிருக்கிறது. ஓடு பிளேடு மாதிரி வெட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரைக்காரருக்கு வெட்டுப்பட்டதே தெரியாது. ரப்பர் ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பிலா, சீட்டுக்கு அடியிலா?

இதுதான் இரண்டாவது கேள்வி. "லைஃப் ஜாக்கெட் இருக்கு சார், சீட்டுக்குக் கீழே வெச்சிருக்கேன். கசகசன்னு இருக்கு, வேணும்போது போட்டுக்கலாம்" என்கிறவர்கள் ஏராளம். வேணும்போது போட முடியாது என்பதுதான் விஷயமே! படகு கவிழ்வது ஒரு நொடியில். தண்ணீரில் தத்தளித்தபடி பட்டி கட்டிப் பாருங்கள், தெரியும்.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்கு இது. 2022-ல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் 636 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் முக்கால் பங்கு, நீரில் மூழ்கியதால். அப்படி மூழ்கியவர்களில் 100-க்கு 85 பேர் லைஃப் ஜாக்கெட் அணியவில்லை. நீச்சல் தெரியும் என்பதும் காப்பாற்றாது. விழும்போது தலையில் அடிபட்டவரும், மாரடைப்பு வந்தவரும் எப்படி நீந்துவார்?

டெக்ஸஸ் சட்டப்படி கயாக்கில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதை அணிந்தே ஆக வேண்டும். பேரனுக்குச் சட்டம் போட்டுவிடுகிறது... தாத்தாவுக்குப் பாட்டிதான் போட்டுவிட வேண்டும்! தூண்டில்காரர்களுக்கென்றே, முதுகுப் பக்கம் வலை வைத்துக் காற்றோட்டமாகத் தைத்தவை கிடைக்கின்றன. அளவு பார்த்து வாங்கி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுக்கு மேல் வந்தால் தொளதொள என்று அர்த்தம்.

கவிழ்ந்துவிட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். கயாக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது மிதக்கும். விசில் ஊதுங்கள். தெம்பிருந்தால் கயாக்கை நிமிர்த்தி, காலை உதைத்து முதலில் வயிற்றால் ஏறிப் படுத்து, பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுங்கள். இதை இடுப்பளவு தண்ணீரில், ஆள் துணையோடு முதலிலேயே ஒரு தடவை பழகிவிடுவது நல்லது. லேடி பேர்ட் ஏரியில் நீந்தத் தடை இருப்பதால், நீந்த அனுமதியுள்ள வேறு இடத்தில் பழகுங்கள்.

இன்னும் சில

இடிச் சத்தம் காதில் விழுந்தால் மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கரைக்குத் திரும்புங்கள். கையில் இருக்கும் கார்பன் தூண்டில் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் ஏரிப் பக்கம் வேண்டாம்.

தூண்டில் முள் தோலில் ஏறினால் பிடுங்காதீர்கள். அதன் எதிர்முனை சதையைக் கிழிக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் தொடவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தண்ணீரில் பாசி பாய் மாதிரி மிதந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். 2019-ல் லேடி பேர்ட் ஏரியில் நச்சுப் பாசியால் நாய்கள் இறந்தன.

குழம்பு வைக்கலாமா?

பாட்டியின் கடைசிக் கேள்வி இது. பாஸ், மற்ற மீன்களைத் தின்னும் மீன். அவற்றில் உள்ள பாதரசம் எல்லாம் இதன் உடம்பில் சேரும். வயதான பெரிய மீனில் இன்னும் அதிகம். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் பாதரசம் போகாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில அரசு அறிவிப்பு வெளியிடுகிறது, அதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்கர்கள் பலரும் பாஸைப் பிடித்ததும் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்து, சட்டென்று விட வேண்டும். கோடையில் அதற்கும் மூச்சுத் திணறும் அல்லவா?

கிளம்பும் முன் சரிபாருங்கள்!

● லைஃப் ஜாக்கெட் உடம்பில், விசில் அதில் கட்டியிருக்கிறதா?
● துணைக்கு இன்னொரு படகு வருகிறதா?
● திரும்பும் நேரம் வீட்டில் சொல்லியாச்சா?
● தண்ணீர், தொப்பி, மாத்திரை, ரப்பர் ஷூ?
● நனையாத உறையில் செல்போன்?
● விடியும் முன் கிளம்பினால் வெள்ளை விளக்கு?

எல்லாம் சரியென்றால், தாத்தாவை அனுப்பி வையுங்கள் பாட்டி. பத்து மணிக்குள் வந்துவிடுவார்!