நாலு குடும்பம் சேர்ந்து ஒரு தற்சார்பு கிராமம்: நிலம் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றுவிடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? அந்த நாட்களில் அடுக்குமாடிகளில் ஒரு பேச்சு எழும்: "பேசாம நாலு குடும்பம் சேர்ந்து மதுராந்தகம் பக்கம் நிலம் வாங்கிடலாம். சொந்தமா நெல்லு, காய்கறி, சோலார்... யார் தயவும் வேணாம்."

ஆசை நியாயமானதுதான். ஆனால் பத்திரப்பதிவுக்குப் போகும் முன் விடை தெரிந்துகொள்ள வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

முதலில் எதைப் பார்ப்பது?

தண்ணீர் வரும் வழியையும் போகும் வழியையும். வேளச்சேரியே ஒரு காலத்தில் விவசாயக் கிராமம்தான். இங்குள்ள தண்டீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. ஊருக்கு ஏரி இருந்தது. மிச்ச நீரை வாங்கிக்கொள்ளப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருந்தது. ஏரியும் சதுப்பும் சுருங்கி, நீர் போன வழியில் வீடுகள் வந்தன. அதே தவறை இன்னொரு ஊரில் போய்ச் செய்யக் கூடாது.

எனவே, நிலத்தைக் கோடையில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். நவம்பர் மழையில் ஒருமுறை போங்கள். "மழை பெய்ஞ்சா தண்ணி எங்க நிக்கும்?" என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைப் புலப்படத்தோடு ஒப்பிட்டு, ஓடை, வாய்க்கால், ஏரி நீர்ப்பிடிப்பு எதுவும் குறுக்கே வருகிறதா என்று பாருங்கள்.

மழைநீர் போதுமா?

ஒரு சின்னக் கணக்கு. 20 வீடுகள், 80 பேர். கிராமக் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்றால், ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் லிட்டர் தேவை. 100 சதுர மீட்டர் கூரையில் 1,200 மி.மீ. மழை பெய்தால் 1.2 லட்சம் லிட்டர். வீணாவது போக வீட்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்தாலும், 20 வீட்டுக்கு 20 லட்சம் லிட்டர் கிடைக்கும்.

கணக்கில் போதும். சிக்கல் என்னவென்றால், வட தமிழகக் கடலோரத்தில் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மீதி மாதங்களுக்குச் சேமித்து வைக்கத் தொட்டியும் குளமும் வேண்டும். பயிருக்கான தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. அதற்குப் பண்ணைக்குட்டை தனி.

எத்தனை வருடம் ஆகும்?

ஆரோவில்லைப் பாருங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கியபோது, அது மண் அரித்துப்போன செம்மண் மேடு. தொடக்க ஆண்டுகளில் அங்கு வந்தவர்கள் செய்த பெரிய வேலைகளில் முக்கியமானவை வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தியதும், மரம் நட்டதும்தான். 50,000 பேருக்காகத் திட்டமிட்ட நகரத்தில் அரை நூற்றாண்டு கடந்தும் சில ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். உணவு முழுவதையும் இன்றும் அவர்களே விளைவித்துக்கொள்வதில்லை. இரண்டே வருடத்தில் தன்னிறைவு என்று யாராவது விளம்பரம் செய்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. புதிய பேருந்து முனையத்தால் இப்போது சென்னைவாசிகளுக்குப் பழகிய பெயர் குத்தம்பாக்கம். அங்கே 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ, வேதியியல் பொறியாளர். ஊர் மக்கள் வெளியிலிருந்து வாங்கும் பொருட்களைக் கணக்கெடுத்து, அவற்றில் பெரும்பகுதியைப் பக்கத்துக் கிராமங்கள் பங்கு போட்டுத் தயாரிக்கலாம் என்றார். ஜே.சி. குமரப்பா வலியுறுத்திய கிராமப் பொருளாதாரத்தின் தொடர்ச்சி இது.

மின்சாரத்துக்கு ஒரு உதாரணம் மேட்டுப்பாளையம் அருகேயுள்ள ஓடந்துறை. அந்த ஊராட்சி தன் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை நிறுவியது. மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்ற வருமானத்திலேயே கடனை அடைத்தது. இரண்டு ஊர்களும் புதிதாக வேலி போட்டு உருவானவை அல்ல. ஏற்கெனவே இருந்த ஊரும் கிராமசபையும்தான் அவற்றின் பலம். நீங்கள் போகும் இடத்திலும் ஒரு ஊர் இருக்கும். அவர்களை வெறும் கூலியாட்களாக நினைத்தால் எந்தத் திட்டமும் நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று நான்கையும் பாருங்கள். விவசாய நிலத்தில் வீட்டுமனை பிரிக்க நகர் ஊரமைப்புத் துறை அனுமதி வேண்டும். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை உண்டு. ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 15 தர ஏக்கர். குழுவாகச் செயல்படச் சங்கம் பதிவு செய்வதானால் குறைந்தது ஏழு பேர் தேவை.

பலரும் எழுதாமல் விடும் விதி ஒன்று உண்டு: ஒருவர் விலக நினைத்தால் அவருடைய பங்குக்கு என்ன விலை, யார் வாங்குவது? நட்பு நன்றாக இருக்கும்போதே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. வாங்கும் முன் ஒரு போகம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து பாருங்கள். நாற்று நடவிலிருந்து அறுவடை வரை, எத்தனை குடும்பங்கள் கூட நிற்கின்றன என்பது அதற்குள் தெரிந்துவிடும்.