லூஸ் கான்டாக்ட் – 7: ஆக்ஸிலேட்டர் கேபிளில் ஓடிய கரண்ட்

விட்டு விட்டு வரும் கோளாறுக்குச் சூடு, ஈரம், அதிர்வு, பளு என்று ஏதாவது ஒரு நிபந்தனை இருக்கும் என்பதோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் ஃபிளாஷர் ரிலே என்று சொல்லியிருந்தேன். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்தைத் தாண்டி அங்கே போக முடியவில்லை.

பழைய கார்களில் இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே செம்புப் பின்னலில் ஒரு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். பேட்டரியின் நெகட்டிவ் பாடியில் இறங்கும் வண்டிகளில், ஸ்டார்ட்டர் இழுக்கிற நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். பட்டை இற்றுப்போனால்? கரண்ட் சும்மா நிற்பதில்லை. இன்ஜினையும் பாடியையும் ஒருசேரத் தொடுகிற எந்த உலோகத்திலும் ஏறிக்கொள்ளும்: ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். மெல்லிய எஃகுக் கம்பி அத்தனை கரண்டைத் தாங்காமல் பழுக்கக் காய்கிறது. உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் உருகிப் பிடித்துக்கொள்கிறது. வண்டிக்காரர் “ஆக்ஸிலேட்டர் டைட்டா இருக்கு” என்று பட்டறைக்கு வருவார். கேபிளை மாற்றுவார்கள். புதுக் கேபிளும் சில நாளில் பிடிக்கும். எர்த் பக்கம் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“மீட்டர் வைத்துப் பார்த்தோம், 12 வோல்ட் சரியாக வருகிறதே” என்பார்கள். வரத்தான் செய்யும். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவு. அது இழுப்பது ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆம்பியர். களிம்பேறிய இணைப்பில் ஆயிரம் ஓம் தடை இருந்தாலும் அந்தத் துளிக் கரண்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. 60 வாட் ஹெட்லைட் பல்போ 5 ஆம்பியர் கேட்கிறது. அதன் பாதையில் அரை ஓம் அழுக்கு இருந்தால் சுமார் 2 வோல்ட் அங்கேயே தீர்ந்துவிடும். வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே லைட்டை எரியவிட்டு, பல்பின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். 0.2 வோல்ட் வரை மன்னிக்கலாம். ஒரு வோல்ட் என்றால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். பழைய எலெக்ட்ரீஷியன்களின் டெஸ்ட் பல்பைக் கேலி செய்வோர் கவனிக்க: அது தானே கொஞ்சம் கரண்டை இழுப்பதால், இந்த விஷயத்தில் மீட்டரைவிட உண்மை பேசும். இன்ஜெக்‌ஷன் வண்டிகளின் கம்ப்யூட்டர் ஒயர்களில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள்.

இன்னொரு ஆட்சேபம் பலமானது: “புதுப் பார்ட் போட்டதும் சரியாகிவிட்டதே, அப்புறம் என்ன?” பார்ட்டை மாற்றும்போது கப்ளரைப் பிடுங்கி மறுபடி செருகுகிறோம். அந்த உரசலிலேயே முனைகளில் படிந்த களிம்பு கொஞ்சம் சுரண்டப்படுகிறது. குணமாக்கியது உரசல், பெயர் தட்டிக்கொண்டு போவது புதுப் பார்ட். அடுத்த மழையில் கோளாறு திரும்பி வரும். பிரிட்டிஷ் கார் பிரியர்கள், அந்தக் கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் பார்ட் செய்த லூகாஸ் கம்பெனியை ‘இருட்டின் இளவரசன்’ என்று காலங்காலமாகக் கேலி செய்கிறார்கள். அந்தப் பழியில் பாதி துருப்பிடித்த எர்த்துக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி. பார்ட்டின் மேல்தான் குற்றமா என்று தெரிய எளிய வழி, பழையதையே திரும்ப மாட்டிப் பார்ப்பது. அதுவும் ஒழுங்காக ஓடினால் பார்ட் நிரபராதி.

ஃபிளாஷர் ரிலே அடுத்த வாரம், வேறெதுவும் குறுக்கே வராவிட்டால். அதுவரை, கழற்றிய பழைய பார்ட்டைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். கேட்டு வாங்கி வையுங்கள்.