கனிஷ்கர்: ஏழு வருடம் பறந்த ஜம்போ

ஏர் இந்தியா ஒரு காலத்தில் தன் ஜம்போ விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயரை வைத்தது. அசோகர், அக்பர், நம்ம ராஜேந்திர சோழன்கூட உண்டு. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் மாளிகை வளைவுகள் வரைந்திருக்கும். அப்படி 1978-இல் வந்த போயிங் 747 தான் ‘கனிஷ்கர்’.

ஏழு வருடம் கடல் தாண்டிப் பறந்தது. 1985 ஜூன் 22 அன்று டொராண்டோவில், வேறொரு விமானத்தின் பழுதான எஞ்சினையும் இறக்கைக்கு அடியில் ஐந்தாவதாக மாட்டிக்கொண்டு, மாண்ட்ரியல், லண்டன் வழியாக டெல்லிக்குக் கிளம்பியது. மறுநாள் காலை அயர்லாந்துக்கு அருகே, 31,000 அடி உயரத்தில், சரக்கோடு ஏற்றிய பெட்டியில் இருந்த குண்டு வெடித்தது. 329 பேரும் இறந்தார்கள். லீவுக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போன பிள்ளைகள் அதில் நிறைய.

இறந்தவர்களில் 268 பேர் கனடா குடிமக்கள். ஆனால் கனடா பிரதமர் மல்ரோனி இரங்கல் சொன்னது இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்திக்கு! கனடா அரசு அந்தக் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டது 2010-இல்தான்.

பிரிட்ஜ்வாட்டரில் வளரும் என் மகளிடம் இதைச் சொன்னேன். “அவங்க கனடாக்காரங்கதானேம்மா?” என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஜூன் 23 கனடாவில் நினைவு நாள். ஊருக்குப் போகப் பெட்டி கட்டும் அந்த வாரத்தில், உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்க.